கம்பம் பள்ளத்தாக்கு: வாய்க்கால் கரையோடு ஒரு சுற்று

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் அநேகமாக 1895-இல்தான் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முல்லைப் பெரியாற்றின் நீரைத் திறந்துவிட்டார். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. காய்ந்து கிடந்த சீமை பச்சையானது. இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது பாதிக் கதை. மீதிப் பாதி புத்தகத்தில் கிடைப்பதைவிட, நடந்தால்தான் நன்றாகக் கிடைக்கிறது. சின்னமனூரில் புறப்பட்டு உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர்கேம்ப் வரை போய், ஆற்றின் மறுகரையில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி என்று திரும்பி வந்தால் ஒரு முழு வட்டம் ஆகிறது. அந்த வட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற உண்மை இதுதான்: முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுயிக்கின் தண்ணீர் ஆளில்லாத காட்டுக்கு வரவில்லை. வாய்க்கால் வெட்டவும், மடை வைக்கவும், முறை போட்டுப் பாய்ச்சவும் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்திருந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

மேற்கே ஏலமலை. கிழக்கே மேகமலையும் அதை அடுத்த வருசநாட்டு மலைகளும். இரண்டுக்கும் நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது பள்ளத்தாக்கு. தேனிப் பக்கம் வாய் திறந்திருக்கிறது. தெற்கே குமுளி மலை அடைத்து நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்துச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் காற்றையும் சாரலையும் மட்டும் அனுப்புகிறது. ஆனி, ஆடியில் இங்கே நடந்தால் மழை நனைக்காது, காற்று தள்ளும். மலை உச்சியில் மேகம் கட்டி நிற்க, அடிவாரத்தில் நிலம் வெடித்துக் கிடக்கும். மழை கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. இந்த ஒரு முரண்தான் இங்குள்ள ஒவ்வொரு வாய்க்காலுக்கும், கடைசியில் அந்த அணைக்கும் காரணம்.

ஊர்கள் அமைந்திருக்கும் விதத்தைக் கவனித்துக்கொண்டே நடக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு ஏற்ப அமைந்த ஊர்கள் அல்ல இவை. ஆற்றங்கரையில் கோயில், அதற்கு மேல் நெல்வயல், வயலுக்கு மேல் வாய்க்கால், வாய்க்காலுக்கும் மேட்டில் ஊர், ஊருக்குப் பின்னால் புஞ்சை, அப்புறம் கரடு, அப்புறம் மலை. எந்த ஊரை எடுத்தாலும் ஏறக்குறைய இந்த வரிசைதான். நஞ்சை ஒரு சாண்கூட வீணாகக் கூடாது என்று முடிவு செய்தவர்கள் கட்டிய ஊர்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது.

சின்னமனூரை முதலில் சொல்ல வேண்டும். தேனிக்காரர்களுக்கு அது வாழைக்காய்ச் சந்தை, மேகமலைக்குப் பஸ் ஏறும் இடம். வரலாற்று மாணவர்களுக்கு அது செப்பேடு. சிறிய சின்னமனூர்ச் செப்பேடு, பெரிய சின்னமனூர்ச் செப்பேடு என்று இரண்டு தொகுதிகள் இந்த ஊரில் கிடைத்தன. முற்காலப் பாண்டியரின் வம்ச வரிசையை அறிய வேள்விக்குடிச் செப்பேட்டோடு இவைதான் அடிப்படைச் சான்றுகள். பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனின் பதினாறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஓர் ஊரை பிராமணர் ஒருவருக்குத் தானமாக அளித்ததைப் பதிவு செய்கிறது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியரின் பெருமைகளாக எண்ணிச் சொல்வதும் இந்தச் செப்பேடுதான். தமிழ்ச் சங்கத்தைப் பற்றி இலக்கிய உரைகளுக்கு வெளியே, உலோகத்தில் பொறித்த சான்று வேண்டுமென்று தேடுகிறவர்கள் எல்லாரும் சின்னமனூருக்குத்தான் வந்து நிற்கிறார்கள்.

அன்றைக்கு இந்தப் பகுதி அளநாடு. சின்னமனூர் அரிகேசரிநல்லூர் என்ற பிரமதேயம், அதாவது பிராமணருக்குத் தானமாக விட்ட ஊர். அரிகேசரி என்பது பாண்டிய அரசர் பெயர். அரசன் பெயரில் ஒரு பிரமதேயம் ஏற்படுத்துகிறார்கள் என்றால் அங்கே நெல் விளைந்திருக்கிறது என்று பொருள். நெல் விளைந்தது என்றால் வாய்க்கால் இருந்திருக்கிறது. தரிசைத் தானமாகக் கொடுத்து அதைச் செப்பேட்டில் எழுதி வைப்பதற்கு எந்த அரசனுக்கும் தேவை இல்லை. பூலாநந்தீசுவரர் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் இன்றும் விளக்கு எரிகிறது. சின்னமனூரைப் பொறுத்தவரை என் வருத்தம் ஒன்றுதான். தமிழக வரலாற்றில் இவ்வளவு கனமான ஆவணம் கிடைத்த ஊரில், அதைப் பற்றி விரிவாகச் சொல்லும் ஒரு கல்பலகை பேருந்து நிலையத்தில் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற ஒருவர் அதைப் படித்துவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்து போக வேண்டும்.

அங்கிருந்து தென்மேற்கே நடந்தால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி உத்தமபாளையம். தென்காளத்தி என்று மக்கள் சொல்லும் காளாத்தீசுவரர் கோயில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. 1936-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.டி. இராசன் இந்த ஊர்க்காரர். கருத்த இராவுத்தர் பெயரால் 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவுதியா கல்லூரியும் இங்கேதான். மூன்று தலைமுறைகளாகப் பள்ளத்தாக்கின் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் சாதி மதம் பாராமல் படித்து வெளியேறியது அந்தக் கல்லூரியின் வாசல் வழியாகத்தான். நீர்ப்பாசனம் இந்தச் சீமைக்குச் செய்ததற்குச் சற்றும் குறையாதது அந்தக் கல்லூரி செய்தது என்பது என் எண்ணம்.

ஆனால் உத்தமபாளையத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது ஊருக்கு வெளியே இருக்கும் கருப்பண்ணசாமி பாறை. திருக்குணகிரி என்பது அதன் பழைய பெயர். பெரிய பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சிலர் அமர்ந்தும் சிலர் நின்றும். பார்சுவநாதரின் தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்கிறது. உருவங்களுக்கு அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் மதுரைச் சமணக் குன்றுகள் பலவற்றில் உருவங்களைச் செய்வித்த அச்சணந்தி என்ற துறவியின் பெயர் இங்கேயும் உண்டு. விளக்கெரிக்கக் கொடுத்த தானமும் கல்லில் இருக்கிறது. மதுரையிலிருந்து சேரநாட்டுக்குப் போகிற பெருவழியில், வணிகர்களும் துறவிகளும் தங்கிச் சென்ற இடமாக இதைக் கொள்வதற்கு இவை போதும்.

பாறையின் பெயர் கருப்பண்ணசாமியுடையது. சமணம் இந்த வட்டாரத்தை விட்டுப் போன பிறகு அந்த இடம் ஊர்க்காவல் தெய்வத்தின் கைக்கு வந்திருக்கிறது. பொங்கல் வைத்த அடுப்புக் கற்களின் கரி ஒரு பக்கம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வட்டெழுத்து ஒரு பக்கம். கும்பிட வருகிறவர்கள் உருவங்களுக்குத் தீங்கு செய்யவில்லை. சாமி இருக்கிற பாறையை யாரும் உடைக்க மாட்டார்கள். மதுரை மாவட்டத்தில் சமணக் குன்றுகள் பல கிரானைட் குவாரிக்காரர்களிடம் சிக்கிக்கொண்டு தவித்ததை நினைத்தால், இந்தத் தீர்த்தங்கரர்களைக் காப்பாற்றியதில் அரசாங்கத்தின் பாதுகாப்புப் பலகையைவிடக் கருப்பண்ணசாமிக்குப் பங்கு அதிகம் என்றே சொல்வேன்.

உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை 183-இல் போக வேண்டியதில்லை. புறவழிச்சாலை வந்த பிறகு பழைய சாலையில் லாரிகள் குறைந்துவிட்டன. வாய்க்கால் கரைகளும் இருக்கின்றன. அனுமந்தன்பட்டி, க.புதுப்பட்டி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. அனுமந்தன்பட்டியில் கத்தோலிக்கத் தேவாலயம், உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இராவுத்தர்களின் பள்ளிவாசல்கள், வீட்டுக்குள் கன்னடம் பேசும் ஒக்கலிகர் குடும்பங்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், ஆற்றுப்பாசனம் பெருகிய பிறகு உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். கம்பமும் கூடலூரும் நாயக்கர் காலத்தில் பாளையங்களாக இருந்தவை. மலைக்கணவாய்களுக்குக் காவல் தேவைப்பட்டது, நிலத்துக்கு உழைப்பாளிகள் தேவைப்பட்டார்கள். இரண்டுக்குமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

கம்பத்தில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஊருக்குள் நந்தகோபாலன் கோயில் என்று ஒன்று இருக்கிறது. அது கோயில் மட்டுமல்ல, மாட்டுத் தொழு. அங்கே இருப்பவை தம்பிரான் மாடுகள். அவற்றில் யாரும் பால் கறப்பதில்லை, ஏர் பூட்டுவதில்லை, விற்பதில்லை. ஒக்கலிகர் சமூகத்தார் பரம்பரையாகப் பராமரிக்கும் சாமி மாடுகள் அவை. 1906-இல் வெளியான மதுரை மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ் இந்த மந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். மந்தைக்குப் பட்டத்துக் காளை என்று ஒன்று உண்டு. அது செத்துப்போனால் அடுத்த காளையை மனிதர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சடங்கு செய்து மந்தையின் முன்னால் கரும்புக்கட்டை வைப்பார்கள். எந்தக் காளை முதலில் வந்து கரும்பைக் கடிக்கிறதோ அதற்குப் பட்டம். மாட்டுப்பொங்கல் அன்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து தொழுவில் கும்பிட்டுப் போகிறார்கள். கையிலே கரும்பும் மாட்டுத் தீவனமும் கொண்டு வருகிறார்கள். நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு அரசாங்க நூலில் வாசித்த வழக்கம், அதே ஊரில் உயிரோடு இருப்பதைப் பார்க்கிற வாய்ப்பு ஆய்வு செய்கிறவர்களுக்கு அடிக்கடி அமைவதில்லை.

இந்த மாட்டுச் செல்வத்தின் பழமையைத் தேனி மாவட்டத்தின் இன்னொரு மூலை காட்டுகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. இராஜன் குழுவினர் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை இவை. ஒரு கல் கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த ஒருவனுக்காக நட்டது. அந்தக் கூடலூர் இந்தக் கூடலூர்தானா என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. எது எப்படியானாலும், சங்க இலக்கியத்தின் வெட்சித் திணை வெறும் கவிமரபு அல்ல, இந்த மாவட்டத்து மேய்ச்சல் நிலங்களில் மனிதர்கள் அதற்காகச் செத்திருக்கிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது. இன்று பள்ளத்தாக்கில் மலைமாடு வளர்ப்பவர்களின் கவலை வேறு. மேகமலை 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. காட்டையும் காக்க வேண்டும். காட்டை நம்பி வளர்ந்த நாட்டு மாட்டினத்தையும் காக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து யோசிக்கிற ஏற்பாடு இன்னும் வரவில்லை.

கூடலூரைத் தாண்டினால் மலை கிட்டத்தில் வந்துவிடுகிறது. விடியற்காலை இந்தச் சாலையில் நடப்பவருக்கு ஒரு காட்சி தப்பாது: ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள். பெண்கள்தான் அதிகம். தூக்குச்சட்டியும் தலையில் கட்டத் துண்டுமாக ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குகிறார்கள். கார்த்திகை பிறந்தால் அதே மலைச்சாலைகளில் சபரிமலைக் கூட்டம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் குறித்துக் கேரளத்துடன் இருந்த பிரச்சினை முற்றியபோது கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்ததும் இந்தச் சாலையில்தான். மலைக்கு இரு பக்கமும் கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள், ஒரே சந்தையில் காய் வாங்குகிறவர்கள், அந்தச் சில வாரங்கள் ஒருவரையொருவர் அஞ்சினார்கள். நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ஆம் தேதி தீர்ப்பளித்தது.

மலையடிவாரத்தில் லோயர்கேம்ப். அணை கட்டிய காலத்தில் அடிவாரத்து முகாமாக இருந்த இடம். மேலே தேக்கடியிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்கி வருவது தூரத்திலேயே தெரியும். அவை பெரியாறு மின் நிலையத்துக்கு நீர் கொண்டுவருபவை. மின்நிலையம் ஏற்க முடியாத அளவுக்குத் தண்ணீர் எடுக்கும் நாட்களில் மிச்சம் இரைச்சல் பாலம் வழியாகக் கொட்டும்.

பென்னிகுயிக்கின் மணிமண்டபம் 2013 முதல் இங்கே இருக்கிறது. அவர் பிறந்த சனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால், மக்கள் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு. வீட்டு நடையில் சாமி படங்களோடு அவர் படத்தை மாட்டியவர்கள் உண்டு. அந்த நன்றி நியாயமானது. அந்த வேலை அப்படிப்பட்ட வேலை. பொருள்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் மதுரைச் சீமையைக் கடந்து கூடலூர் வரை வந்தன. அங்கிருந்து மலைக்கு மேலே ஏற்ற வேண்டும். மலேரியா ஆட்களைக் கொன்றது. வெள்ளம் கட்டிய அணையை அடித்துக்கொண்டு போனது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையால் கட்டிய அந்த அணைக்கு அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம். நீளம் 1,200 அடி. 5,704 அடி நீளமுள்ள சுரங்கம் தண்ணீரை மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தது. இதற்கான நிலத்துக்காகத் திருவிதாங்கூரோடு 1886 அக்டோபர் 29-இல் செய்த குத்தகை 999 ஆண்டுக்கு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய். 1970-இல் செய்த துணை ஒப்பந்தத்தில் வாடகை முப்பது ரூபாய் ஆனது.

ஆனால் மணிமண்டபத்தில் நிற்கும்போது இன்னொரு பெயரையும் நினைக்க வேண்டும். மேற்கே போகும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பென்னிகுயிக்குக்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே, 1789 வாக்கில், இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. ஆட்களை அனுப்பி இடத்தைப் பார்த்துவரச் செய்தார். செலவுக்குச் சமஸ்தானத்திடம் பணம் இல்லை. 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற பொறியாளர் இது ஆகாத காரியம் என்று எழுதினார். 1850-இல் வேலை தொடங்கி, நோய்க்குப் பயந்து ஆட்கள் ஓடியதால் நின்றது. 1876-இல் தொடங்கிய தாது வருசப் பஞ்சம் மதுரைச் சீமையை நாசமாக்கிய பிறகுதான் அரசாங்கம் உறுதியாக இறங்கியது. 1887-இல் வேலை தொடங்கியது. ஒரு தனி மனிதரின் வீரக்கதையாக மட்டும் இதைச் சொன்னால், தலைமுறை தலைமுறையாக அந்த மலையைப் பார்த்துத் தண்ணீருக்கு வழி யோசித்தவர்களும், காடு வெட்டி, கல் சுமந்து, காய்ச்சலில் மாண்ட கூலிகளும் காணாமல் போய்விடுகிறார்கள்.

லோயர்கேம்ப்பை ஒட்டிய பளியன்குடி பளியர்கள் வாழும் ஊர். அங்கிருந்து வண்ணாத்திப்பாறை உச்சிக்கு ஏறும் பாதை கண்ணகி கோயிலுக்குப் போகிறது. சிலப்பதிகாரக் கோட்டம் இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் அடையாளம் கண்டார். சித்திரை முழுநிலவு நாள் ஒன்றில்தான் மக்கள் ஏற முடியும். இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசி அனுமதிக்கிறார்கள். அந்த ஒரு நாளுக்காக இந்த வட்டத்தைச் சித்திரையில் நடப்பவர்கள் வெயிலைத் தாங்கிக்கொள்ளத் தயாராக வர வேண்டும்.

இங்கே ஆற்றைக் கடந்து மறுகரையில் திரும்பினால் நிலமே வேறாகத் தெரியும். நெல் பின்வாங்கி, திராட்சைப் பந்தல் முன்னுக்கு வருகிறது. கருணாக்கமுத்தன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி எல்லாம் பன்னீர்த் திராட்சை ஊர்கள். கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பி பின்னி, கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். பந்தலுக்குள் நுழைந்தால் வெளிவெயில் பாதியாகிவிடும். கருநீலக் குலைகள் முகத்துக்கு நேரே தொங்கும். மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தது போல ஒரு படலம். விரலால் தேய்த்தால் கருமை பளிச்சென்று வரும். மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த வகையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஆண்டில் ஒரு பருவம். இங்கே கவாத்து செய்யும் நாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி வைத்துக்கொள்வதால், ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் அறுத்த குலையைச் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. குளிர்பதனக் கிடங்கும் சாறு பிழியும் ஆலைகளும் வந்தால்தான் அந்தக் குறியீட்டால் விவசாயிக்கு நாலு காசு கிடைக்கும்.

சுருளிப்பட்டியிலிருந்து சற்றுத் தூரத்தில் சுருளி அருவி. மேகமலையிலிருந்து இறங்குகிற தண்ணீர். ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்கக் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் காட்டுப் பாதையில் யானை நடமாட்டம் இருந்தால் வனத்துறை வழியை அடைத்துவிடும். பெரியாற்று நீர் வருவதற்கு முன்பு இந்தப் பள்ளத்தாக்கின் சொந்த ஆறு சுருளியாறுதான். என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. பள்ளத்தாக்கின் பழைய வாய்க்கால்கள் அந்த ஆற்றை நம்பி வெட்டியவை. உத்தமமுத்து வாய்க்கால், பாளையம் பரவு, குச்சனூர் ராஜவாய்க்கால் போன்ற பதினேழு வாய்க்கால்கள் இந்தப் பாசனத்தில் உண்டு. சுரங்கத்திலிருந்து வந்த பெரியாற்று நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றில் சேர்ந்து, அந்த வாய்க்கால்களுக்கு வயிறு நிறைய நீர் கொடுத்தது. அணையின் முதல் நோக்கம் மேலூர் வரையிலான மதுரைப் பாசனம். வழியில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கு அந்த நீரைப் பிடித்துக்கொள்ள முடிந்தது, பிடிக்கும் பாத்திரம் முன்கூட்டியே தயாராக இருந்ததால்தான். பின்னால் மேட்டு நிலங்களுக்காக அரசு வெட்டியது 18-ஆம் கால்வாய். பி.டி.ஆர். கால்வாயும் தந்தை பெரியார் கால்வாயும் தேனி, போடிப் பக்கத்துக்கு நீர் கொண்டுபோகின்றன.

இன்றைய நடைமுறை எளிமையானது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை. அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி திறப்பு: பாசனத்துக்கு விநாடிக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100. திறந்த மறுவாரம் நடந்தால் நாற்றங்காலுக்கு விதை நெல் ஊறப்போட்டிருப்பார்கள். வாய்க்காலில் வருகிற முதல் தண்ணீர் தெளிவாக இருக்காது. சருகு, செத்தை, நுரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த தரை உறிஞ்ச உறிஞ்ச மெதுவாக நகரும். மடையில் நிற்கிற ஆள் மண்வெட்டியால் செத்தையை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு மதகுப் பலகையைத் தூக்குவார். எவ்வளவு தூக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. கீழ்மடைக்காரருக்கு எவ்வளவு போக வேண்டும் என்ற கணக்கு அவர் கையில் இருக்கிறது.

திரும்பும் வழியில் இராயப்பன்பட்டி. கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். ஊருக்கு மேலே மலையடியில் சண்முகாநதி அணை. உயரம் 52.5 அடி. மேகமலையில் மழை பெய்தால் மட்டும் நிறையும் சிறிய அணை. பெரியாறு எட்டாத கிழக்குக் கரைப் புஞ்சைகளுக்கு அதுதான் கதி. ஒரே பள்ளத்தாக்கில் ஒரு கரைக்காரர் ஜூன் முதல் தேதியை எதிர்பார்க்கிறார், மறுகரை மேட்டுக்காரர் ஐப்பசி மழையை எதிர்பார்க்கிறார். ஆனைமலையான்பட்டி வழியாகச் சின்னமனூரை அடைந்தால் வட்டம் முடிகிறது. எழுபது கிலோமீட்டரை ஒட்டி வரும். நான்கைந்து நாட்களில் அவசரமில்லாமல் நடக்கலாம். தெம்பு உள்ளவர்கள் வடக்கே குச்சனூர்ச் சனீசுவரன் கோயிலையும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலையும் சேர்த்துக்கொண்டு தேனிவரை ஆற்றோடு போகலாம்.

நடப்பவர் கண்ணில் படுகிற சங்கடங்களையும் சொல்லியாக வேண்டும். ஊர்ச் சாக்கடைகள் நேராக வாய்க்காலில் விழுகின்றன. கரையை உழுது வரப்போடு சேர்த்துக்கொண்ட இடங்கள் உண்டு; கரை மேல் வேலி போட்டு வழியை அடைத்த இடங்களும் உண்டு. மேட்டிலிருந்து மடை வரைக்கும் ஆள் போக வழியில்லாமல் போனால் தூர் வாரவும் வழியில்லை. நெல்வயல்கள் வீட்டு மனையாகிக்கொண்டிருக்கின்றன. லோயர்கேம்ப்பிலிருந்து மதுரை மாநகருக்கு நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் குடிநீரைக் குழாயில் கொண்டுபோகும் திட்டத்தைப் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். தண்ணீர் ஆற்றில் ஓடினால் வழியெல்லாம் கிணறு ஊறும், குழாயில் போனால் ஊறாது என்பது அவர்கள் வாதம். மதுரைக்காரர்களின் தாகமும் உண்மை. ஆனால் விவசாயிகளின் அந்த வாதத்துக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்பதே என் கருத்து.

இங்கிலாந்தில் கிராமத்து நடைபாதைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நிலம் யாருடையதாக இருந்தாலும் பதிவு செய்த பொதுவழியை அடைக்க முடியாது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், வாய்க்கால் கரைகள் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அரசுப் புறம்போக்காகவே இருக்கின்றன. புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், சிமெண்டு போட வேண்டாம். இருக்கிற கரையை அளந்து, கல் ஊன்றி, வேலியை அகற்றி, நிழல் மரம் வைத்தால் போதும். சின்னமனூரில் செப்பேட்டைப் பற்றி ஒரு பலகை, கருப்பண்ணசாமி பாறைக்கு ஒரு வழிகாட்டிக் கல், ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பிலும் அந்த வாய்க்காலின் பெயர். நீர்வளத்துறையும் தொல்லியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்தால் ஒரு நிதியாண்டுக்குள் செய்துவிடக்கூடிய வேலை இது. உத்தமபாளையம் கல்லூரி மாணவர்களைக் கொண்டு பதினேழு வாய்க்கால்களின் பழைய மதகுகளையும் மடைப் பெயர்களையும் எழுதி வைக்கும் வேலையையும் உடனே தொடங்க வேண்டும். மடைகளின் பெயர் தெரிந்த நீர்பாய்ச்சிகள் இப்போது எல்லா ஊரிலும் முதியவர்கள்.